அசனப் பந்திக்கு வந்த ரிப்போர்ட்

பாளையங்கோட்டையில் அந்த ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில் ஜெசி சிரித்தால், தரைத்தளத்து மருந்துக் கடையில் மாத்திரை எண்ணுகிறவர்களுக்கு எண்ணிக்கை தப்பும். அப்படியொரு சிரிப்பு. வேலையோ கிருமிகளைக் கண்டுபிடிக்கும் லேபில். நாள் முழுக்கச் சளி, சீழ், சிறுநீர், ரத்தம் என்று ஊரார் உடம்பிலிருந்து வருவதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருத்திக்கு இவ்வளவு சிரிப்பு எங்கிருந்து ஊறுகிறது என்று புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் ஆச்சரியப்படுவார்கள். கொஞ்ச நாளில் அவளுடைய கோபத்தையும் பார்த்துவிட்டு, ஆச்சரியப்படுவதை நிறுத்திக்கொள்வார்கள்.

பிறந்தது சாத்தான்குளத்துக்குப் பக்கத்து ஊரில். அப்பா மிஷன் பள்ளிக்கூட வாத்தியார். அண்ணன், அக்கா எல்லாரும் அதே வழியில் சாக்பீஸைப் பிடிக்க, ஜெசி மட்டும், "ஊரான் பிள்ளைகளை மேய்க்க எனக்குப் பொறுமை கெடையாது" என்று சொல்லி லேப் டெக்னீஷியன் படிப்பில் சேர்ந்தாள். கடைசியில் பார்த்தால், பிள்ளைகளைவிட அதிகப் பொறுமை கேட்கிற கூட்டத்தை மேய்க்கும்படி ஆகிவிட்டது.

ரத்தத்தில் கிருமி புகுந்துவிட்டதா என்று பார்ப்பது அவசரக்காரர்களுக்கான வேலை இல்லை. நோயாளியின் ரத்தத்தைச் சத்துத் தண்ணீர் உள்ள பாட்டிலில் விட்டு, கதகதப்பான ஒரு மெஷினுக்குள் வைக்க வேண்டும். உள்ளே கிருமி இருந்தால் அது பெருகும். பெருகினதும் மெஷின் கூப்பிடும். அப்புறம் அதை எடுத்துத் தட்டில் தீட்டி, அது முளைக்கும்வரை ஒருநாள் காத்திருக்க வேண்டும். முளைத்ததை எடுத்து, எந்த மருந்துக்குச் சாகிறது, எந்த மருந்துக்கு மசிய மாட்டேன் என்கிறது என்று பார்க்க இன்னொரு நாள். கீழே வார்டில் ஆள் காய்ச்சலில் கொதித்துக்கொண்டிருக்க, மேலே கிருமியை ராஜகுமாரன் மாதிரி ஊட்டி வளர்த்துக்கொண்டிருப்பார்கள். வேறு வழி இல்லை.

ஜெசிக்கு அந்த வேலை பிடித்திருந்தது. தட்டில் முளைத்து வருவதைப் பார்ப்பதில் அவளுக்கு ஒரு தோட்டக்காரியின் சந்தோஷம் உண்டு. ஒரு கிருமி பச்சை பூத்துப் படரும். மூடியைத் திறக்கும்போதே திராட்சை வாசனை அடிக்கும். இன்னொன்று பளபளவென்று கொழுத்துக் கிடக்கும். கம்பியால் தொட்டுத் தூக்கினால் நூலாக நீளும். அதற்கு அவள் வைத்த பேர் 'கொழுப்பெடுத்தவன்'. மருந்துக்கு அடங்காத எந்தக் கிருமியைக் கண்டாலும், "ஏலே மூதி, உனக்கு இம்புட்டுத் திமிரா?" என்று முகத்துக்கு நேராகத் திட்டிவிட்டுத்தான் ரிப்போர்ட் எழுதுவாள். பக்கத்து மேஜையில் இருக்கும் ரசீத், பல வருஷமாக அவளோடு வேலை பார்க்கிறவர், "எக்கா, அதுக்குக் காது கெடையாது" என்பார். "எனக்கு வாய் இருக்குல்லா" என்பாள் ஜெசி.

ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் அவளால் சிரிக்க முடியாது. ஒருதடவை வள்ளியூரிலிருந்து வந்த ஒரு ஆட்டோக்காரரின் ரத்தத்தில் அடங்காத கிருமி. கொடுத்துக்கொண்டிருந்த மருந்து ஒன்றுக்கும் அது அசையவில்லை. தேடித் தேடி, எந்த மருந்துக்கு அது சாகும் என்று கண்டுபிடித்துவிட்டாள். கம்ப்யூட்டரில் ஏற்றுவதற்குக்கூடக் காத்திருக்காமல், வார்டுக்குப் போன் போட்டுத் துள்ளலாகச் சொன்னாள். அந்தப் பக்கம் இருந்த நர்ஸ் பெட் நம்பரை ஒருதடவை திருப்பிக் கேட்டாள். பிறகு, "எக்கா, அந்தப் பெட்டுல இப்ப வேற ஆளு" என்றாள்.

ரிப்போர்ட்டில் ஒரு புள்ளி தப்பில்லை. வாங்கிக்கொள்ளத்தான் ஆள் இல்லை. அன்றைக்கு மத்தியானம் ஜெசி டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை. அந்த ஆட்டோக்காரர் முதலும் இல்லை, கடைசியும் இல்லை. லேபுக்குத் தலைவியான லில்லி டாக்டரிடம் ஒருநாள் மனம் பொறுக்காமல் கேட்டாள். "மேடம், திருடன் யாருன்னு நாம சரியாத்தான் கண்டுபிடிக்கோம். ஆனா வீட்டைக் காலி பண்ணிட்டு அவன் போன பொறவுல்லா கண்டுபிடிக்கோம்?"

லில்லி மேடம் அதிகம் பேசாதவர். ஆனால் நிர்வாகத்தின் பின்னாலேயே அலைந்து, சில மாதங்களில் ஒரு பெட்டி அட்டைகளை வாங்கி வந்துவிட்டார்.

பார்ப்பதற்கு, கர்ப்பம் தரித்திருக்கிறதா என்று வீட்டில் பார்ப்பார்களே, அந்த அட்டைதான். மெஷின் கூப்பிட்டதும் பாட்டிலிலிருந்து கொஞ்சம் எடுத்து, சுழற்றித் தெளியவைத்து, ஒரு சொட்டை அட்டையில் விட வேண்டும். பெரிய மருந்துகளையே உடைத்துப் போடும் பொருளைக் கிருமி சுரக்கிறது என்றால், இரண்டாவதாக ஒரு கோடு விழும். எந்த இடத்தில் விழுகிறது என்பதைப் பார்த்து, எந்த வகைப் பொருள், அதற்கு எந்த மருந்து எடுபடும் என்று சொல்லிவிடலாம். உலையில் போட்ட அரிசி வேகும் நேரம்தான். தட்டில் வளர்ப்பதும் வழக்கம்போல நடக்கும். ஆனால் அதற்காக நோயாளி காத்துக் கிடக்க வேண்டியதில்லை. லேபில் சேமித்து வைத்திருந்த பழைய கிருமிகளை வைத்துப் பழகிப் பார்த்தார்கள். அட்டை ஒருதடவைகூடப் பொய் சொல்லவில்லை. ஜெசி அந்தப் பெட்டியை அடிக்கடி திறந்து பார்த்து மூடினாள். கல்யாணப் பட்டுச் சேலையை வைத்திருப்பவர்கள் அப்படித்தான் செய்வார்கள்.

இனிமேல் ரத்த ரிப்போர்ட்டின் முதல் செய்தி அன்றைக்கே வரும் என்று எல்லா வார்டிலும் சுற்றறிக்கை ஒட்டினார்கள். ஆஸ்பத்திரியில் சுற்றறிக்கையைப் படிப்பவர் அதை ஒட்டினவர் மட்டும்தான் என்பதை யோசிக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஜெசியின் கோயிலில் அசனம். திருநெல்வேலிச் சீமையில் கிறிஸ்தவச் சபையார் எல்லாரும் சேர்ந்து சமைத்து, வந்தவர் போனவர் அத்தனை பேருக்கும் பந்தி போடும் பண்டிகை. ஆட்டுக்கறிக் குழம்பு வாசனை நாலு தெருவுக்குப் போகும். பெரிய உத்தியோகத்தில் இருப்பவர்கள் அன்றைக்கு வேட்டியை மடித்துக் கட்டி வாளி தூக்குவார்கள்; அதுதான் மரியாதை. ஜெசி கல்யாணமாகிப் பாளையங்கோட்டைக்கு வந்த வருஷத்திலிருந்து ஒரு அசனத்தையும் விட்டதில்லை. இந்த வருஷம் ஞாயிறு டூட்டி அவள் தலையில் விழுந்தது. மாற்றிக்கொள்ள ஆள் கிடைக்கவில்லை. காலையில் லேபுக்கு வரும்போது மூஞ்சி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தொங்கிக்கொண்டிருந்தது.

போதாக்குறைக்கு, அவள் கணவர் அப்பாத்துரைக்கு அன்றைக்கு முக்கியப் பொறுப்பு. கல்லூரி ஒன்றில் தலைமைக் கிளார்க். விதி என்றால் அவருக்கு வேதத்துக்கு அடுத்தபடி. போன வருஷ அசனத்தில், பரிமாறிக்கொண்டிருந்த ஒருவரின் சட்டைப் பையிலிருந்து செல்போன் நழுவி ரச அண்டாவுக்குள் போய்விட்டது. ரசத்தைக் கொட்டுவதா, போனை எடுத்துவிட்டு ஊற்றுவதா என்று கமிட்டி ரெண்டுபட்டுப் போனது. அதனால் இந்த வருஷம், வாளி தூக்குகிறவர்கள் போன், வாட்ச், சாவி எல்லாவற்றையும் ஒரு தகரப் பெட்டியில் போட்டுவிட வேண்டும் என்று தீர்மானம். பெட்டிக்குக் காவல் அப்பாத்துரை.

கோயிலில் ஆராதனை மணி அடித்து ஓய்ந்த கொஞ்ச நேரத்தில், லேபில் மெஷின் கூப்பிட்டது.

முந்தின நாள் சாயங்காலம் வைத்த பாட்டில். பேர் தனலட்சுமி. ஏரல் பக்கம் வாழைத் தோட்டங்களில் வேலை பார்க்கிற பெண். சிறுநீர்த் தொற்று முற்றி, ரத்தத்தில் ஏறி, குளிர் நடுக்கத்தோடு கொண்டுவந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்திருந்தார்கள். ஜெசி ஒரு துளியைக் கண்ணாடியில் தடவிச் சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தாள். கட்டையும் குட்டையுமாக, ரோஸ் நிறத்தில், கூட்டமாகக் கிடந்தார்கள்.

"கொழுப்பெடுத்தவன் மாதிரித் தெரியுது" என்று ரசீத்திடம் சொல்லிவிட்டு, அட்டைப் பெட்டியைத் திறந்தாள். நிஜமான நோயாளி ஒருத்திக்கு அந்த அட்டையைப் போடுவது அதுதான் முதல் தடவை. சொட்டை விட்டுவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். முதல் கோடு விழுந்தது. அது எப்போதும் விழும். பிறகு, இருக்கிறதோ இல்லையோ என்று சந்தேகப்படும்படி மெல்லியதாக இன்னொன்று தோன்றி, பைய அழுத்தமாகி, பிடிவாதமாக நின்றது.

வார்டில் தனலட்சுமிக்கு ஏறிக்கொண்டிருந்தது அந்தப் பெரிய மருந்துகளில் ஒன்றான மெரோபெனம். அந்தக் கிருமிக்கு அது வெறும் தண்ணீர்.

லில்லி மேடம் வள்ளியூரில் ஒரு கல்யாண வீட்டில் இருந்தார். ஜெசி அட்டையைப் படம் பிடித்து அனுப்பிவிட்டுக் கூப்பிட்டாள். நாதஸ்வரத்துக்கு நடுவே மேடத்தின் குரல் கேட்டது. "ரெண்டு கோடு நல்லாத் தெரியுது. இன்னொரு அட்டை போடு. அதே வந்தா ஹெப்ரான் டாக்டர்ட்ட உடனே பேசு." இன்னொரு அட்டையிலும் அதே கோடு, அதே இடத்தில். பார்த்ததும் மேடம் எந்த மருந்து எடுபடும் என்று தெளிவாக எழுதி அனுப்பிவிட்டார்.

ஹெப்ரான் டாக்டர்தான் தனலட்சுமிக்கு வைத்தியம் பார்ப்பவர். அவர் போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. ஜெசி தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போட்டாள். டூட்டி டாக்டர் பிரம்மநாயகி எடுத்தாள்.

"ரத்த கல்ச்சர் ரிப்போர்ட்டா? அக்கா, நேத்துச் சாயங்காலந்தான ரத்தமே எடுத்தோம்? வேற யாரோட பாட்டிலோ மாறிருச்சா, பாருங்க."

ஜெசிக்கு உச்சந்தலை சூடாகியது. இத்தனை வருஷமாகப் பிந்தி வருகிறது என்று திட்டு வாங்கியாயிற்று; இப்போது முந்தி வந்ததற்குச் சந்தேகம். "டாக்டரம்மா, பாட்டிலும் மாறல, நானும் மாறல. முறைதான் மாறியிருக்கு. உங்க செவத்துல ஒட்டியிருக்கு, பாருங்க."

பிரம்மநாயகி நல்ல பெண். சுவரைப் பார்த்துவிட்டு வந்தாள். மேடம் எழுதியதையும் படித்தாள். குரல் இறங்கிவிட்டது. "அக்கா, அவங்களுக்குப் பிரஷர் எறங்கிட்டே வருது. நீங்க சொல்லுத மருந்து லாக்கர்ல இருக்கு. பெரிய டாக்டர் சொல்லாம அதை எடுக்கக் கூடாது. அவரு காலையில பாத்துட்டு, 'கல்ச்சர் செவ்வாய்க்கிழமைதானே வரும், அதுவரைக்கும் இதே ஓடட்டும்'னு சொல்லிட்டுப் போயிட்டாரு."

"எங்க போனாரு?"

"உங்க கோயில்லதான் அசனமாம். பரிமாறப் போறேன்னு சொன்னாரு."

ஜெசிக்குக் கண்முன்னே அந்தத் தகரப் பெட்டி வந்து நின்றது. அவசரமாக அப்பாத்துரைக்குப் போட்டாள். அவர் போனும் எடுபடவில்லை. விதிக்குக் காவல் இருப்பவர் தன் போனைத்தான் முதலில் உள்ளே போட்டிருப்பார் என்பது அவளுக்குத் தெரியாதா?

லேபில் போடும் வெள்ளைக் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவினாள். மெஷினை ரசீத்திடம் ஒப்படைத்துவிட்டுப் படியிறங்கினாள். தீவிர சிகிச்சைப் பிரிவுக் கதவருகே ஒரு ஆள் நின்றிருந்தார். கையில் வயர்கூடை. வேட்டியெல்லாம் வாழைக் கறை. போகிற வருகிற எல்லாரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார் போல, ஜெசியிடமும் கேட்டார்.

"எம்மா, பெரிய டாக்டர் வருவாரா? தனலட்சுமியோட வீட்டுக்காரன், வன்னியராஜ்னு பேரு. கூப்பிட்டா முழிச்சுப் பாக்க மாட்டேங்கா."

அந்தப் பாட்டிலில் ஒட்டியிருந்த பேர், லேபில் வெறும் பேர்தான். இப்போது அதற்கு ஒரு புருஷன் வந்துவிட்டார், கறை பட்ட வேட்டியோடு. ஜெசி கையிலிருந்த ஸ்கூட்டர் சாவியைக் காட்டினாள். "வருவாரு அண்ணாச்சி. நானே போய்க் கூட்டிட்டு வாரேன்" என்றாள். சொன்ன பிறகுதான், சொல்லிவிட்டோமே என்று பயம் வந்தது.

கோயில் அடுத்த தெருவுக்கு அடுத்த தெரு. ரோஸ் நிற ஸ்கூட்டரைப் பந்தல் வாசலில் நிறுத்தியதும் பெண்கள் கூட்டம் அவளை வளைத்துக்கொண்டது.

"ஏட்டி ஜெசி! டூட்டின்னு சொன்னாவ, வந்துட்டியே!"

"வாசனை இழுத்துட்டு வந்துருக்கும். வா, வா, இந்தப் பந்தியிலயே எடம் இருக்கு."

அசனத்துக்கு வந்த ஒருவரைச் சாப்பிடாமல் விடுவது என்பது அங்கே நடக்காத காரியம். 'வேலையாக வந்தேன்' என்றால், சாப்பிட்டுவிட்டு வேலையைப் பார் என்பார்கள். 'அவசரம்' என்றால், அவசரமாகச் சாப்பிடு என்பார்கள். ஒருத்தி தோளைப் பிடித்து அழுத்த, இன்னொருத்தி இலையே போட்டுவிட்டாள். ஜெசி குனிந்து அவர்கள் கைக்கு அடியில் புகுந்து தப்பித்தாள்.

பந்தல் கால் ஓரத்தில் நாற்காலி போட்டு அப்பாத்துரை உட்கார்ந்திருந்தார். காலடியில் பெட்டி. பெட்டிக்குள்ளிருந்து நாலைந்து சினிமாப் பாட்டும் இரண்டு கீர்த்தனையும் ஒரே சமயத்தில் கேட்டுக்கொண்டிருந்தன. அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

"ஏட்டி, டூட்டிய விட்டுட்டா வந்த?" என்றார் அதிர்ந்துபோய்.

"ஹெப்ரான் டாக்டர் எங்கன நிக்காரு? ஆஸ்பத்திரியில ஒரு பொம்பள உயிருக்குப் போராடுதா. இன்னா, இந்தப் பொட்டிக்குள்ள அவரு போனு கூப்பாடு போடுது, உங்களுக்குக் கேக்கலியா?"

"எல்லார் போனுந்தான் அடிக்கு. எது யாருதுன்னு நான் எப்படிக் கண்டேன்? கடைசிப் பந்தி முடியாமத் தெறக்கக் கூடாதுன்னு தீர்மானம்..." என்று ஆரம்பித்தவர், மனைவியின் முகத்தைச் சரியாகப் பார்த்தார். அப்படி ஒரு முகத்தை அவர் அதிகம் பார்த்ததில்லை. எழுந்து நின்று கையை நீட்டினார். "அன்னா, நடுப் பந்தியில. சோத்து வாளி."

ஹெப்ரான் டாக்டர் வேட்டியை மடித்துக் கட்டி, அது அவிழ்ந்துவிடாமலிருக்க மேலே பெல்ட்டும் போட்டிருந்தார். முதல் தடவை வாளி தூக்குகிறார் என்பது கரண்டி பிடித்த விதத்திலேயே தெரிந்தது. ஜெசியைப் பார்த்ததும் சிரித்தார்.

"வாங்க, உக்காருங்க, சோறு போடட்டுமா?"

"டாக்டர், தனலட்சுமி ரிப்போர்ட் வந்தாச்சு."

"எந்தத் தனலட்சுமி? நேத்து சேந்தவங்களா? அவங்களோடது செவ்வாய்க்கிழமை..."

"செவ்வாய்க்கிழமையெல்லாம் போயிட்டு டாக்டர்!" பந்தியில் பாதிப்பேர் நிமிர்ந்து பார்க்கிற மாதிரி சொல்லிவிட்டு, ஜெசி குரலைத் தாழ்த்தினாள். "மெஷின் காலையிலயே கூப்பிட்டு. புது அட்டை போட்டேன். ரெண்டு தடவை போட்டேன். உங்க மருந்து இவனுக்கு ஏறவே ஏறாது. இன்னா பாருங்க, மேடம் எழுதியிருக்காவ. பிரஷர் எறங்குதாம்."

அவர் வாளியைத் தரையில் வைத்தார். சோற்றுக் கையோடு போனைத் தொடத் தயங்க, ஜெசியே அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். இரண்டு கோடுகளையும் பார்த்தார். மேடம் எழுதியதை வாய்க்குள் படித்தார். சிரிப்பு இருந்த இடம் தெரியவில்லை. "இவ்வளவு சீக்கிரமாத் தெரிஞ்சிருமா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். பிறகு, "பிரம்மநாயகிக்குப் போடுங்க" என்றார். ஜெசி போனை அவர் காதில் வைக்க, மருந்தின் பேர், அளவு, உடனே ஆரம்பிக்க வேண்டும் என்பது எல்லாவற்றையும் நின்ற இடத்தில் சொல்லி முடித்தார்.

"டாக்டரே, இங்கன இன்னும் சோறு வரல" என்று பந்தியிலிருந்து ஒரு பெரியவர் குரல் கொடுத்தார்.

"சோறை நான் போடுதேன், நீங்க கெளம்புங்க" என்று ஜெசி வாளியைத் தூக்கிக்கொண்டாள். அவர் காரின் சாவி தகரப் பெட்டியில் இருந்தது. ஜெசி தன் ஸ்கூட்டர் சாவியை நீட்டினாள். மடித்துக் கட்டிய வேட்டியும் பெல்ட்டுமாக ஹெப்ரான் டாக்டர் ரோஸ் நிற ஸ்கூட்டரில் பறந்து போனதை அன்றைக்கு அசனத்துக்கு வந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். சபைப் போதகரான ஐயர்கூட மைக்கில் சொல்லிக்கொண்டிருந்த அறிவிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டார்.

ஜெசி கைகளை மறுபடி ஒருதடவை கழுவிவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து பரிமாறினாள். அந்தப் பெரியவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நீ அந்தக் கிருமி பாக்குத ஆபீஸ்ல இருக்கவதான? அந்தக் கையாலயா சோறு போடுத?"

"தாத்தா, இந்தப் பந்தல்லயே சுத்தமான கை இதுதான். உங்க கைய இங்கன நீட்டுங்க, எத்தனை பேரு குடியிருக்கான்னு நான் பேர் பேராச் சொல்லுதேன்."

பந்தியே சிரித்தது. பெரியவர் சட்டென்று கையை இழுத்துக்கொண்டு, பிறகு அவரும் சிரித்தார். ஜெசியும் சிரித்தாள். ஆனால் ஒவ்வொரு கரண்டிக்கும், 'ஆண்டவரே, ஏறிரணும், மருந்து ஏறிரணும்' என்றே போட்டுக்கொண்டு போனாள். சிலருக்கு மூன்று கரண்டி விழுந்தது. அவர்கள் அதற்காக வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

பந்தி முடிவதற்குள் அவள் போன் அடித்தது. பிரம்மநாயகி. "அக்கா, மருந்து ஏற ஆரம்பிச்சாச்சு. டாக்டர் பக்கத்துலதான் இருக்காரு. வேட்டியில!"

ஜெசி திரும்பிப் பார்த்தபோது அப்பாத்துரை தகரப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு போனாக எடுத்து, "இது யாருது? யாரும் டாக்டரா? நர்ஸா? வந்து வாங்கிக்கிடுங்க" என்று கூவிக்கொண்டிருந்தார். கமிட்டியின் தீர்மானத்தை அவர் தனியாக மீறியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவையாக இருக்கும். அவளைத் தன் மொபெட்டில் ஏற்றி ஆஸ்பத்திரியில் கொண்டுவிட்டவரும் அவரே. அவள் இறங்கும்போது, "அந்தப் பொம்பளைக்கு நானும் ஜெபிக்கேன்" என்றார். அவள் அவர் தோளை ஒரு அழுத்து அழுத்திவிட்டு மேலே போனாள்.

திங்கட்கிழமை முழுக்க ஜெசிக்கு வேலை ஓடவில்லை. வார்டுக்கு அடிக்கடி போன் போட்டாள். பிரஷர் அப்படியே நிற்கிறது என்றார்கள். காய்ச்சல் குறைகிற மாதிரி இருக்கிறது, ஆனால் சொல்ல முடியாது என்றார்கள். 'சொல்ல முடியாது' என்பதை டாக்டர்கள் சொல்லும்போது அதைவிட மோசமான வார்த்தை கிடையாது. தட்டில் கிருமி முளைத்திருந்தது, கொழுப்பெடுத்தவனேதான். அவனைத் திட்டக்கூட அவளுக்கு வாய் வரவில்லை. ரசீத்துக்கே அது பொறுக்காமல், "எக்கா, நாலு வார்த்தை சொல்லிருங்க, லேபு லேபு மாதிரியே இல்ல" என்றார்.

செவ்வாய்க்கிழமை, எல்லாரும் எதிர்பார்த்திருந்த அந்த ரிப்போர்ட் தயாரானது. அட்டை சொன்னதைத்தான் தட்டும் சொன்னது. லில்லி மேடம் அதைப் பார்த்து ஒப்புதல் கொடுத்துவிட்டு, வழக்கத்துக்கு மாறாக ஜெசியின் முதுகில் தட்டினார். ரிப்போர்ட் கம்ப்யூட்டரிலேயே வார்டுக்குப் போய்விடும். யாரும் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை. ஆனாலும் ஜெசி அதை ஒரு தாளில் அச்செடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள். இத்தனை வருஷ வேலையில் அவள் எந்த நோயாளியையும் போய்ப் பார்த்ததில்லை. பார்த்துவிட்டால், பிறகு பாட்டிலைக் கையில் எடுக்கத் தெம்பு இருக்காது என்று பயம்.

தீவிர சிகிச்சைப் பிரிவில், ரிப்போர்ட்டில் நம்பர் போட்டிருந்த அந்தப் பெட்டில், மீசை வைத்த ஒரு தாத்தா படுத்திருந்தார்.

ஜெசி அப்படியே நின்றுவிட்டாள். தாள் கையில் கசங்கியது. கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, இங்க என்ன செய்யுதீங்க?" பிரம்மநாயகிதான். ஜெசியின் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. ஓடிவந்து கையைப் பிடித்தாள். "ஐயோ, இல்லக்கா! ஜெனரல் வார்டுக்கு மாத்தியாச்சு. காலையிலயே. போங்க, பேச்சுக் குடுங்க, அவங்க வாய்க்கு நீங்கதான் சரி."

ஜெனரல் வார்டில் ஜன்னலோரக் கட்டில். தனலட்சுமி தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து இட்லியைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். உதடெல்லாம் காய்ந்து வெடித்திருந்தது. கண் மட்டும் சுறுசுறுப்பாக இருந்தது. கீழே வெறுந்தரையில், வயர்கூடையைத் தலைக்கு வைத்து, வன்னியராஜ் அடித்துப்போட்ட மாதிரி தூங்கினார். ஜெசியின் கழுத்தில் தொங்கிய ஆஸ்பத்திரி அட்டையைப் பார்த்ததும், தனலட்சுமி இட்லியை விட்டுவிட்டுக் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"ரத்தம் எடுக்கவா வந்திய? இனி என்ட்ட ரத்தம் இல்லம்மா. உள்ளதெல்லாம் உங்க ஆளுக எடுத்துட்டுப் போயிட்டாவ."

"இல்ல தாயி. எடுக்க வரல. சும்மா பாக்க வந்தேன்."

"என்னைய எதுக்குப் பாக்கணும்? நான் யாருன்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்" என்றாள் ஜெசி. மூன்றாவது மாடியையே அதிரவைக்கிற பெண், ஒரு இட்லித் தட்டுக்கு முன்னால் நின்று, கண்ணீர் தாடையில் வழிய வழிய அழுதாள். இவ்வளவு சந்தோஷமாக அவள் அதற்கு முன் அழுததே இல்லை.

தனலட்சுமி பதறிப்போய்க் கட்டிலில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். "ஏம்மா, அழாதிய. இப்படி உக்காருங்க. உங்க ஆளு யாரையும் இங்க சேத்திருக்கியளோ?"

"ஆமா."

"இப்ப எப்படி இருக்காவ?"

"சொகமாயிட்டா" என்றாள் ஜெசி. "இட்லி திங்குதா."

"பொறவு எதுக்கு அழுதிய? நல்ல ஆளு போங்க!" என்று அதட்டிவிட்டு, தனலட்சுமி குனிந்து புருஷனின் தோளைத் தட்டினாள். "ஏங்க, எந்திரிங்க. இந்தம்மாவுக்கு ஒரு டீ வாங்கிட்டு வாங்க."